தபால் உறையிலிருந்து சளிக் குப்பிக்கு: ஒரு கார்ட்ரிட்ஜின் கதை

கிருமியைக் கண்டுபிடிக்கும் கருவிகளை, அதாவது பயோசென்சார்களைப் பற்றி வரும் செய்திகளில் மூன்று விஷயங்கள்தான் இருக்கும். எத்தனை நிமிடத்தில் முடிவு வரும், எத்தனை சதவீதம் துல்லியம், என்ன விலை. அந்தக் கருவி எந்த இடத்தில் உட்காரப் போகிறது, அது 'இருக்கிறது' என்று சொன்ன மறு நிமிடம் யார் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் பாதி வெற்றியும் பாதித் தோல்வியும் அங்கேதான் முடிவாகின்றன. இதைச் சொல்ல ஜீன்எக்ஸ்பர்ட்டை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. அமெரிக்கத் தபால் நிலையங்களில் ஆந்த்ராக்ஸ் பரவாமல் காவல் காத்த இயந்திரம், பிறகு நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் 'சிபிநாட்' என்ற பெயரில் காசநோயைக் கண்டுபிடிக்க வந்து உட்கார்ந்தது.

(உயிர்மூலக்கூறும் சிக்னல் தரும் பகுதியும் ஒட்டியே இருந்தால்தான் பயோசென்சார், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் பெட்டியெல்லாம் அதில் சேராது என்று வாதிடும் வேதியியலாளர்கள் உண்டு. வாதம் சரிதான். ஆனால் கிருமியின் டிஎன்ஏவைத் தேடி ஒட்டும் ஒரு துண்டு, ஒட்டியதும் ஒளி, அந்த ஒளியை எண்ணாக மாற்றும் கருவி என்று எல்லாம் ஒரே மூடிய டப்பாவுக்குள் நடப்பதால் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.)

2001, அக்டோபர்

அக்டோபர் 2ஆம் தேதி அதிகாலை, புளோரிடாவில் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் புகைப்பட ஆசிரியர் ராபர்ட் ஸ்டீவன்ஸ், காய்ச்சலோடு நினைவு தடுமாறிய நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மூளைக்காய்ச்சலாக இருக்குமோ என்று தண்டுவட நீரை எடுத்தார்கள். அதில் கிராம் சாயம் ஏற்றிப் பார்த்தபோது நீலநிறக் குச்சிகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. தொற்றுநோய் மருத்துவர் லாரி புஷ்ஷுக்கு அந்த உருவம் உறுத்தியது, ஆந்த்ராக்ஸாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். நம் ஊரில் ஆடு மாடு வளர்ப்பவர்கள் அடைப்பான் என்று சொல்லும் அதே நோய்தான். 4ஆம் தேதி உறுதியானது, 5ஆம் தேதி ஸ்டீவன்ஸ் இறந்தார்.

ஆக, அமெரிக்காவின் மிக மோசமான உயிரி ஆயுதத் தாக்குதலை முதலில் கண்டுபிடித்தது எந்த சென்சாரும் இல்லை. நூறாண்டுக்கும் மேல் பழமையான ஒரு சாயமும், சந்தேகப்படத் தெரிந்த ஒரு டாக்டரும்தான்.

அடுத்து நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். அக்டோபர் 15 அன்று செனட்டர் டாம் டாஷ்லின் அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பிரித்தபோது தூள் பறந்தது. அங்கே இருந்தவர்களுக்கு உடனே மூக்கில் சோதனை, கையோடு சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை. ஆனால் அந்தக் கடிதம் கடந்து வந்த வாஷிங்டன் பிரென்ட்வுட் தபால் பிரிப்பு மையம் 21ஆம் தேதிவரை திறந்தே இருந்தது. ஒட்டிய உறையிலிருந்து எதுவும் வெளியே வராது என்பது அப்போதைய நம்பிக்கை. உறைக் காகிதத்தின் துளைகள் ஆந்த்ராக்ஸ் வித்துகளை (கிருமி கடினமான ஓட்டுக்குள் உறங்கும் வடிவம்) விடப் பெரியவை, பிரிக்கும் இயந்திரம் உறையை இரண்டு பக்கமும் அழுத்தித் தள்ளுகிறது, இயந்திரத்தைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்றை வேறு பீய்ச்சுவார்கள். மூன்றையும் சேர்த்து யோசித்தவர் யாரும் இல்லை. அங்கே வேலை பார்த்த ஜோசப் கர்சீன், தாமஸ் மோரிஸ் இருவரும் 21, 22 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். இன்று அந்தக் கட்டடத்துக்கு அவர்கள் பெயர்தான். மொத்தம் 22 பேருக்கு நோய், 5 பேர் சாவு. கட்டடத்தைக் குளோரின் டையாக்சைடு வாயுவால் சுத்தம் செய்து மறுபடி திறக்க இரண்டு வருடத்துக்கும் மேல் ஆனது.

அப்போது கைக்கு அடக்கமான சோதனைப் பட்டைகள் சந்தையில் இல்லாமல் இல்லை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போல, மாதிரியை ஊற்றினால் கோடு தெரியும். சிக்கல் என்னவென்றால் அதில் கோடு விழக் குறைந்தது 10,000 வித்துகளாவது வேண்டும். கோடு விழவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமே கிடையாது, விழுந்தாலும் அது ஆந்த்ராக்ஸின் அப்பாவி உறவினராக இருக்கலாம். 2002இல் அமெரிக்க அரசே இந்தப் பட்டைகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

தபால் நிலையத்துக்கு என்ன தேவைப்பட்டது

இப்போது தபால் துறையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். வேண்டியது காற்றைத் தொடர்ந்து உறிஞ்சிப் பார்க்கும் ஒரு பெட்டி. சுற்றிலும் காகிதத் தூசி. லேப் டெக்னீஷியன் கிடையாது. முடிவு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும், ஏனென்றால் அதற்குள் கடிதங்கள் லாரி ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொய் எச்சரிக்கை வரவே கூடாது. ஒரு பொய் மணி அடித்தால் ஒரு மையம் முழுக்கக் காலி, நூற்றுக்கணக்கான பேருக்கு மாத்திரை, அன்று இரவு டிவி முழுக்க அதுதான்.

நார்த்ராப் கிரம்மன் நிறுவனம் தலைமையேற்று அமைத்த இந்த ஏற்பாட்டின் மையத்தில் இருந்தது செஃபைட் என்ற கலிஃபோர்னிய நிறுவனத்தின் ஜீன்எக்ஸ்பர்ட். செஃபைட் 1996இல் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவர் கர்ட் பீட்டர்சன், சிலிக்கானில் நுண் இயந்திரங்கள் செய்யும் துறையின் முன்னோடி. அதனால்தானோ என்னவோ, அதன் கார்ட்ரிட்ஜை (மாதிரியை ஊற்றி இயந்திரத்துக்குள் வைக்கும் மூடிய டப்பா) பிரித்துப் பார்த்தால் மருந்துக் கம்பெனிப் பொருள் போலவே இருக்காது. நடுவில் ஒரு சிரிஞ்சுக் குழல், சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், அடியில் சுழலும் ஒரு வால்வு. வால்வு ஒவ்வொரு அறைப் பக்கமாகத் திரும்பத் திரும்ப, நடுக்குழல் அங்கிருக்கும் திரவத்தை உறிஞ்சி அடுத்த அறைக்குத் தள்ளும். கண்ணாடி மணிகளோடு சேர்த்து மீயொலி அதிர்வு கொடுத்து வித்தின் ஓட்டை உடைக்கும். கடைசியில் முதுகுப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான குழாயில் பிசிஆர். கை எங்கேயும் படுவதில்லை.

கடிதங்களில் முத்திரை குத்தும் இயந்திரத்தின் மேலே உறிஞ்சி பொருத்தி, சுமார் ஒரு மணி நேரக் காற்றைத் திரவத்தில் சேர்த்து, அதைக் கார்ட்ரிட்ஜுக்குள் செலுத்துவார்கள். அரை மணி நேரம் போல பிசிஆர். ஆபத்தான ஆந்த்ராக்ஸுக்கு இரண்டு பிளாஸ்மிட் (கிருமிக்குள் தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) வேண்டும், ஒன்றில் நச்சு மரபணுக்கள், இன்னொன்றில் கிருமியின் மேலுறைக்கான மரபணுக்கள். இரண்டையும் சேர்த்துத் தேடினால் அப்பாவி உறவினர்கள் தானாகவே கழிந்துபோவார்கள். பால்டிமோரில் முன்னோட்டம் பார்த்துவிட்டுப் பிறகு நாடு முழுவதும் சுமார் 280 மையங்களில் வைத்தார்கள். லட்சக்கணக்கான சோதனைகளில் ஒரு பொய் எச்சரிக்கைகூட வரவில்லை என்பது தயாரித்தவர்கள் தரப்புக் கூற்று.

இதே காலத்தில் பயோவாட்ச் என்று இன்னொரு திட்டம் தொடங்கியது, 2003இல். முப்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நகரங்களில் திறந்த வெளியில் காற்று வடிகட்டிகள். ஆட்கள் போய்த் தினமும் வடிகட்டியை எடுத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார்கள், முடிவு வர 12 முதல் 36 மணி நேரம். 2003 முதல் 2014 வரை 149 முறை 'கிருமியின் டிஎன்ஏ உறுதி' என்று முடிவு வந்தது. 149இல் ஒன்றுகூடத் தாக்குதல் இல்லை. பல முறை மாட்டிக்கொண்டது டூலரீமியா (முயல் காய்ச்சல்) கிருமியின் நெருங்கிய சொந்தக்காரப் பாக்டீரியாக்கள், அவை மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாகவே இருப்பவை. தானாக இயங்கும் மூன்றாம் தலைமுறைக் கருவிக்கான முயற்சியும் 2014இல் கைவிடப்பட்டது. பிசிஆர் இரண்டு திட்டத்திலும் பிசிஆர்தான். ஒன்று மூடிய கூடத்தில் ஒரே ஓர் ஆபத்தை, கடிதம் கசங்கும் இடத்திலேயே தேடியது. மற்றது ஊரையே மோப்பம் பிடிக்கப் பார்த்தது.

எம்ஐடி லிங்கன் ஆய்வகத்தில் டாட் ரைடர் குழு 2003இல் வெளியிட்ட 'கேனரி'யையும் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகப் பிடித்த யோசனை அதுதான். உயிருள்ள பி செல்களின் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) மேல்பரப்பில் குறிப்பிட்ட கிருமிக்கான ஆன்டிபாடி, உள்ளே ஜெல்லி மீனின் ஒளிரும் புரதம். கிருமி ஒட்டியதும் செல்லுக்குள் கால்சியம் ஏறும், உடனே ஒளி. பிளேக் கிருமியை மூன்று நிமிடத்துக்குள் பிடித்தது. வேகத்தில் எந்த பிசிஆரும் கிட்ட வராது. ஆனால் செல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அதுவும் கருவி இருக்கும் இடத்திலேயே. கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அது எப்படி ஒத்துவரும், சொல்லுங்கள்.

காசநோய்க்கு வந்த கதை

டெக்னீஷியன் இல்லாத, தூசி நிறைந்த இடத்துக்காகச் செய்த பெட்டி. இதே வரியை வைத்துக்கொண்டு உலகில் வேறு எங்கே பொருந்தும் என்று தேடினால் நேராகக் காசநோயில் போய் நிற்கும்.

அதுவரை நிலைமை இதுதான். சளியைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்ப்பது, அடிப்படையில் 1882இல் ராபர்ட் காக் பார்த்த விதம். ஒரு மில்லி சளியில் ஏறக்குறைய 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணில் படும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று தெரிய வளர்ப்புச் சோதனை, அதற்கு வாரக்கணக்கு. அதற்குள் நோயாளி தவறான மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் பரப்பிக்கொண்டிருப்பார்.

நியூ ஜெர்சியில் டேவிட் ஆலண்ட் குழுவும் செஃபைடும் அமெரிக்க அரசு ஆராய்ச்சி நிதியோடு வேலையைத் தொடங்கினார்கள். நோயறியும் சோதனைகளுக்காக இயங்கும் ஜெனிவாவின் ஃபைண்ட் அமைப்பும் கேட்ஸ் அறக்கட்டளைப் பணமும் பிறகு சேர்ந்தன. கிருமியின் ஆர்பிஓபி மரபணுவில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்துக்கு மாற்றம் அந்த இடத்தில்தான். அந்தப் பகுதி முழுவதையும் ஐந்து 'மூலக்கூறு பீக்கன்'களால் மூடினார்கள். 1996இல் நியூயார்க்கில் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் உருவாக்கிய சங்கதி அது: கொண்டை ஊசி போல மடிந்திருக்கும் டிஎன்ஏ துண்டு, ஒரு முனையில் ஒளிரும் சாயம், மறுமுனையில் அந்த ஒளியை அமுக்கும் மூலக்கூறு. சரியான ஜோடி கிடைத்தால் மடிப்பு விரியும், ஒளி வரும். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விரியாது. ஐந்தும் ஒளிர்ந்தால் காசநோய் உண்டு, ரிஃபாம்பிசின் வேலை செய்யும். ஒன்று ஒளிராமலோ மிகத் தாமதமாக ஒளிர்ந்தாலோ மருந்து எதிர்ப்பு. ஒரே சோதனையில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

2010இல் வந்த பெரிய ஆய்வில் பெரு, அஜர்பைஜான், தென்னாப்பிரிக்கா, மும்பை ஆகிய இடங்களில் 1,730 நோயாளிகள். நுண்ணோக்கியில் தெரிந்தவர்களில் 98.2 சதவீதத்தை ஒரே கார்ட்ரிட்ஜ் பிடித்தது, நுண்ணோக்கியில் தெரியாமல் போனவர்களில் 72.5 சதவீதத்தை. அந்த டிசம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஒரு கார்ட்ரிட்ஜ் ஓடுவதைக் கிட்டேயிருந்து பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் சட்டென்று விளங்கும். சளிக் குப்பியில் இரண்டு மடங்கு திரவத்தைச் சேர்க்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் கலந்த அந்தத் திரவம் கிருமியைக் கொன்று சளியையும் இளக்கும். மூடி, குலுக்கி, கால் மணி நேரம் வைத்து, நடுவில் இன்னொரு முறை குலுக்கி, பிப்பெட்டால் 2 மில்லி எடுத்து மேல்துளையில் விட்டு மூடினால் போதும். பார்கோடை ஸ்கேன் செய்து, பச்சை விளக்கு மினுக்கும் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு. சளி சரியாக இளகவில்லை என்றால் 2008 என்று பிழை எண் வரும், உள்ளே அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று அர்த்தம். ஒரு கார்ட்ரிட்ஜ் போச்சு. நோயாளி சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக் கொடுத்திருந்தால் பிழையே வராது, அழகாக 'கிருமி இல்லை' என்று வரும். இதுதான் இன்னும் மோசம். அதனால் குப்பியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், "ஆழமா மூச்சிழுத்து, நெஞ்சிலேர்ந்து இருமித் துப்புங்க, எச்சில் வேண்டாம்" என்று நின்று சொல்லிக்கொடுக்கும் ஊழியர், என் கணக்கில், இந்தக் கருவியின் ஒரு பாகம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு காசநோய்க் கார்ட்ரிட்ஜுக்குள்ளும் பேசிலஸ் குளோபிஜி என்ற அப்பாவிப் பாக்டீரியாவின் வித்துகளை உலர்த்தி வைத்திருக்கிறார்கள். வித்து உடைந்ததா, பிசிஆர் ஓடியதா என்று கருவி தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள அது உதவுகிறது. ஆயுத ஆராய்ச்சிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக ஆந்த்ராக்ஸுக்குப் பதிலாளாக வைத்துப் பயிற்சி செய்த அதே பாக்டீரியா.

இடம் மாறியதும் குணமும் மாறியது. பிசிஆருக்கு உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமிக்கும் வித்தியாசம் தெரியாது. தபால் நிலையத்தில் அது ஒரு பொருட்டே இல்லை, செத்த ஆந்த்ராக்ஸ் வித்து உறையில் இருந்தாலும் போலீஸைக் கூப்பிடத்தான் போகிறீர்கள். ஆஸ்பத்திரியில் கதை வேறு. முன்பு சிகிச்சை முடித்தவர் மறுபடி இருமிக்கொண்டு வந்தால், கருவி காண்பது பழைய சடலங்களாகவும் இருக்கலாம். 2017இல் வந்த 'அல்ட்ரா' கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லியில் 16 கிருமி இருந்தாலே பிடிக்கும் (முந்தையதற்கு 131 வேண்டும்), ஆனால் அத்தனை கூர்மையோடு இந்தத் தொல்லையும் கூடியது. சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இந்தக் கருவியைப் பயன்படுத்தாமல், பழைய நுண்ணோக்கிக்கும் வளர்ப்புக்கும் போவது இதனால்தான்.

அறை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, கார்ட்ரிட்ஜை 28க்குள் வைக்க வேண்டும், மின்சாரம் நடுவில் போகக் கூடாது, வருடா வருடம் அளவீடு சரிபார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் இதெல்லாம் நிபந்தனையாகவே தெரிந்திருக்காது. நம் ஊர் மே மாதத்தில் தெரியும்.

கண்டுபிடித்த பிறகு

இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இரண்டு பரிசோதனைகள். 2014இல் வெளியான ஒன்றில் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தான்சானியா கிளினிக்குகளில் கருவியை நர்ஸ்களிடமே கொடுத்தார்கள். ஒரே நாள் பயிற்சி, துல்லியமும் குறையவில்லை, அன்றைக்கே சிகிச்சை தொடங்கியவர்களும் கூடினார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்து நோயின் கடுமையை அளந்தபோது, பழைய நுண்ணோக்கிக் குழுவுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. அடுத்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் வெளியான எக்ஸ்டெண்ட் ஆய்வில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் ஜீன்எக்ஸ்பர்ட் பக்கம் 3.9 சதவீதம், நுண்ணோக்கிப் பக்கம் 5.0. மற்ற காரணிகளைக் கணக்கில் எடுத்தபின் வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு.

கருவி தோற்றுவிட்டதா? அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நுண்ணோக்கியில் கிருமி தெரியாவிட்டாலும் எக்ஸ்ரேயையும் ஆளையும் பார்த்து டாக்டர்கள் ஏற்கெனவே மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எக்ஸ்டெண்டில் கருவி கிளினிக்கில் இல்லை, தூரத்து ஆய்வகத்தில் இருந்தது. சளி வண்டியேறிப் போய், காகிதம் வண்டியேறித் திரும்பி வருவதற்குள் இரண்டு மணி நேர வேகத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. நோய் உறுதியானவர்களிலும் ஒரு பங்கினர் சிகிச்சைக்குத் திரும்பி வரவே இல்லை. தபால் நிலையத்தில் மணி அடித்தால் யார் கதவைச் சாத்துவது, யாருக்கு மாத்திரை என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். கிளினிக்கில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நேரடிப் பங்கு உண்டு. காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று 2022இல் தொடங்கினார்கள். நோய் உறுதியானவுடன் ஒவ்வொருவருக்கும் சில எளிய அளவுகள்: உயரம், எடை, ஆக்சிஜன் அளவு, மூச்சின் வேகம், காலில் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. மோசமாக இருப்பவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல் உடனே படுக்கையில் சேர்ப்பது. தேவைப்படும் கருவிகள் எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்தான். காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்திலேயே நடக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு போட்ட திட்டம் இது. பதினேழாயிரம் டாலர் இயந்திரம் விட்ட இடைவெளியை ஆக்சிமீட்டர் நிரப்புகிறது என்பது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை, நியாயமாகத்தான் தெரிகிறது.

விலைக்கு வருவோம். ஏழை நாடுகளுக்குக் கார்ட்ரிட்ஜ் ஒன்று 16.86 டாலராக இருந்தது, 2012இல் நன்கொடையாளர்கள் பணம் போட்டு 9.98க்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கும் மேல் அசையவில்லை. 2016இல் செஃபைடை டானஹர் நிறுவனம் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 'ஐந்து டாலர் போதும்' என்று பிரச்சாரம் செய்து, 2023 செப்டம்பரில்தான் 7.97 ஆனது. இதை உருவாக்கப் பொதுப்பணம் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது என்று 2021இல் ஒரு கணக்கீடு வந்தது. வரிப்பணத்தில் பிறந்த கருவிக்கு இத்தனை வருடம் பேரம் பேச வேண்டியிருந்தது என்பது எனக்கு ஜீரணமாகவே இல்லை.

பேட்டரியில் ஓடும் சின்ன ஜீன்எக்ஸ்பர்ட் 'ஆம்னி' என்று 2015இல் அறிவித்தார்கள், கடைசிவரை வரவில்லை. அந்த இடத்தைப் பிடித்தது இந்தியாவின் ட்ரூநாட். பெங்களூரு பிக்டெக் ஆய்வகத்தில் உருவாகி, கோவாவின் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது. பேட்டரியில் ஓடும், ஏசி அறை கேட்காது, ஆரம்ப சுகாதார நிலைய மேசையிலேயே வைக்கலாம். 2020இல் உலக சுகாதார நிறுவனமும் ஒப்புக்கொண்டது. பதிலுக்குக் கை வேலை கூடுதல்: டிஎன்ஏ பிரிக்க ஒரு கருவி, சிப்பில் பிசிஆர் ஓட்ட இன்னொன்று, நடுவில் பிப்பெட்டால் சில மைக்ரோலிட்டரை நீங்களே மாற்ற வேண்டும், ரிஃபாம்பிசின் எதிர்ப்புக்குத் தனிச் சிப். ஜீன்எக்ஸ்பர்ட் டெக்னீஷியனைக் கழித்தது, ட்ரூநாட் டெக்னீஷியனை நம்பி ஏசியைக் கழித்தது. டெக்னீஷியன்கள் நிறைய இருக்கும், கரண்டு அடிக்கடி போகும் நாட்டுக்கு இரண்டாவது பேரம்தான் சரி என்பேன்.

மீதி இருக்கும் ஓட்டை, காசநோயின் இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட். ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்பட்டு ஐசோனியாசிடுக்கு மட்டும் அடங்காத கிருமி இருந்தால், மேலே சொன்ன ஐந்து பீக்கனும் பளிச்சென்று ஒளிரும், நோயாளிக்கு வழக்கமான மருந்தே எழுதப்படும். அதைப் பிடிக்க ஜீன்எக்ஸ்பர்ட்டிலேயே வேறு கார்ட்ரிட்ஜ் வந்திருக்கிறது, 2021இல் பரிந்துரையும் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு 10 நிற ஒளியைப் படிக்கும் மாட்யூல் (கார்ட்ரிட்ஜ் உட்காரும் அறை) வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் முதலில் வாங்கிப்போட்ட மாட்யூல்கள் படிப்பது 6 நிறம்.